உறங்கக் கூடாத ஊர்: திரைப்படச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

பிறநாட்டுப் படங்களைத் திரையிட்டுக் கலந்துரையாடும் திரைப்படச் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

'இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்' 1956 பிப்ரவரியில் அமெரிக்காவில் வெளியான கறுப்பு வெள்ளைப் படம். ஓடும் நேரம் 80 நிமிடம். இயக்கம் டான் சீகல், தயாரிப்பு வால்டர் வாங்கர், திரைக்கதை டேனியல் மெயின்வாரிங். கலிஃபோர்னியாவில் சாண்டா மிரா என்ற கற்பனைச் சிற்றூரில் கதை நடக்கிறது. மருத்துவர் மைல்ஸ் பென்னல் ஒரு மாநாடு முடிந்து ஊர் திரும்பும்போது அங்கே விநோதமான ஒரு புகார் பரவியிருக்கிறது. ஒரு சிறுவன் தன் தாய் தாயே அல்ல என்று அலறி ஓடுகிறான். வில்மா என்ற பெண் தன்னைக் குழந்தையிலிருந்து வளர்த்த மாமாவை வேறு யாரோ என்கிறாள். போகப்போகக் காரணம் தெரிகிறது. விண்ணில் மிதந்து வந்த விதைகள் வயலில் விழுந்து முளைத்து, பெரும் நெற்றுகளாகக் காய்த்திருக்கின்றன. உறங்குகிறவர் அருகில் ஒரு நெற்று இருந்தால் போதும். அது வெடித்து, அச்சு அசலாக அவரைப் போலவே ஓர் உடலை ஈனும். தூக்கத்திலேயே அவருடைய நினைவு முழுவதும் அந்தப் புது உடலுக்குப் போய்விடும். காலையில் எழுவது அந்த உடல்தான். அதற்குப் பெயர் உண்டு, தொழில் உண்டு, பழைய நினைவும் உண்டு; அன்பு, கோபம், ஆசை, அச்சம் எதுவும் கிடையாது.

இந்தப் படம் திரையிடப்படும் இடங்களில் அறிமுகக் குறிப்பு பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: பனிப்போர்க் காலக் கம்யூனிச அச்சத்தின் உருவகம். அந்த வரியில் பிழை இல்லை. ஆனால் படம் தொடங்குமுன் அதைச் சொல்லிவிட்டால், பார்வையாளர் விடை தெரிந்த புதிரின் முன் உட்கார்ந்துவிடுகிறார். நெற்று என்றால் எது, உறக்கம் என்றால் எது என்று பொருத்திப் பார்ப்பதிலேயே கவனம் போய்விடுகிறது. இந்தப் படத்தில் பார்க்க வேண்டியதோ மனித முகம். பழகிய முகம் ஒன்று எந்த மாற்றமும் இல்லாமல் அச்சம் தருவதாக ஆவது எப்படி என்ற கேள்விக்குத் திரைக்கலை கண்ட மிகச் சிறந்த விடைகளில் ஒன்று இங்கே இருக்கிறது. 1956 படமும், அதே கதையை மறுபடி எடுத்த 1978 படமும் அந்த விடைக்காகவே முதலில் பார்க்கப்பட வேண்டும். அரசியல் பின்னால் வரட்டும்.

உடல் மாறும் கதை தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. பெரிய புராணத்தில் திருமூலர் வரலாறு அப்படிப்பட்டது. இறந்து கிடந்த மூலன் என்ற இடையனின் உடலில் சிவயோகி ஒருவர் புகுகிறார். கணவனைத் தேடி வரும் மனைவி, தெரிந்த உடலில் தெரியாத ஒருவர் நிற்பதைக் காண்கிறாள். கூடுவிட்டுக் கூடு பாயும் அந்தக் கதையில் உடல் பழையது, உயிர் புதியது, நடந்தது அருள். சாண்டா மிராவில் உடலும் புதியது. பழையதில் மிஞ்சுவது நினைவு மட்டும். மூலனின் மனைவிக்கு நேர்ந்த திகைப்பு மட்டும் இரண்டு கதைகளுக்கும் பொது.

படத்துக்கு மூலம் ஜாக் ஃபின்னி எழுதிய 'தி பாடி ஸ்னாட்சர்ஸ்'. 'கோலியர்ஸ்' இதழில் 1954 நவம்பர், டிசம்பரில் மூன்று பகுதிகளாகத் தொடராக வந்து, 1955இல் நூலானது. வேற்றுலக உயிர் மனித உடலைக் கைப்பற்றும் கதைகள் அப்போது ஏற்கெனவே இருந்தன. ராபர்ட் ஹைன்லைன் 1951இல் எழுதிய 'தி பப்பெட் மாஸ்டர்ஸ்' நாவலில் அட்டை போன்ற உயிர்கள் முதுகில் ஒட்டிக்கொண்டு மனிதரை ஆட்டுவிக்கும். 1953இல் வந்த 'இன்வேடர்ஸ் ஃப்ரம் மார்ஸ்' படத்தில் ஒரு சிறுவனின் தந்தை ஒரே இரவில் வேறு ஆளாகத் திரும்பி வருவார். இந்தக் கதைகளில் எல்லாம் கைப்பற்றப்பட்டவரின் உடலில் ஏதோ ஓர் அடையாளம் இருக்கும், தேடினால் கிடைக்கும். ஃபின்னி அந்த அடையாளத்தை எடுத்துவிட்டார். முதுகில் அட்டை இல்லை, கழுத்தில் தழும்பு இல்லை. சந்தேகப்படுகிறவரிடம் காட்டுவதற்குச் சான்று என்று எதுவுமே இல்லை. பிற்காலத் திரைப்படங்கள் அனைத்துக்கும் அந்த முடிவே முதலாக அமைந்தது. நாவலின் இறுதியில் மனிதர்கள் எதிர்த்து நிற்பதைக் கண்ட நெற்றுகள் பூமியை விட்டே எழும்பிப் போய்விடுகின்றன. இதுவரை எந்தப் படமும் அந்த முடிவை எடுத்துக்கொண்டதில்லை.

வால்டர் வாங்கர் ஹாலிவுட்டில் பெரிய தயாரிப்பாளராக இருந்தவர். 1951இல் நடந்த ஒரு துப்பாக்கிச் சூட்டு வழக்கில் சில மாதம் சிறை சென்றார். வெளியே வந்ததும் சிறைக் கலவரம் ஒன்றைப் பற்றி 'ரயட் இன் செல் பிளாக் 11' என்ற படத்தை எடுத்தார். அது 1954இல் வெளிவந்தது. அதை இயக்கியவர் சீகல். குறைந்த பணத்தில், குறைந்த நாளில், நேராகக் கதை சொல்லும் திறமை சீகலுக்கு உண்டு என்பது அங்கே உறுதிப்பட்டது. மெயின்வாரிங், 'அவுட் ஆஃப் தி பாஸ்ட்' என்ற 1947ஆம் ஆண்டுக் குற்றப் படத்துக்குக் கதையும் திரைக்கதையும் தந்தவர். அந்த வகைப் படங்களின் நிழலும், தப்ப முடியாத வலை என்ற உணர்வும் அவரோடு சாண்டா மிராவுக்குள் வந்தன. படப்பிடிப்பு 1955 வசந்த காலத்தில் 23 நாளில் முடிந்தது. செலவு ஏறக்குறைய 3,80,000 டாலர். அக்காலத்துக்கே இது சிறிய தொகை. அலைட் ஆர்டிஸ்ட்ஸ் என்ற சிறு நிறுவனம் படத்தை வெளியிட்டது.

பணம் இல்லாதது இந்தப் படத்துக்கு நன்மையாகவே முடிந்தது. வேற்றுலகக் கப்பல் இல்லை, கொம்பு முளைத்த உருவம் இல்லை. நெற்றுகளும், நடிகர்களின் உடலிலிருந்து வார்ப்பெடுத்த சில ரப்பர் உருவங்களும் மட்டுமே தனிச்செலவு. மற்றதெல்லாம் உண்மையான தெரு, உண்மையான வீடு, உண்மையான பகல் வெளிச்சம். லாஸ் ஏஞ்சலஸ் அருகில் சியரா மாட்ரே என்ற ஊரின் நடுச் சதுக்கமே சாண்டா மிராவின் சதுக்கம் ஆயிற்று. துரத்தலின் இறுதிப் பகுதி பிரான்சன் குகையில் எடுக்கப்பட்டது.

வில்மா வரும் காட்சியை நிதானமாகப் பார்க்க வேண்டும். புல்வெளி. வெயில். பின்னணியில் மாமா ஐரா புல்வெட்டும் பொறியைத் தள்ளிக்கொண்டிருக்கிறார். கேமரா அவரைத் தனியாக எடுத்துக் காட்டி மிரட்டுவதில்லை. மைல்ஸ் அவரோடு பேசுகிறார். எல்லாம் வழக்கம்போல இருக்கிறது. வில்மா சொல்வது இதுதான்: உருவம் அதே உருவம், குரல் அதே குரல், சின்ன வயது நினைவுகள் எல்லாம் சரியாக இருக்கின்றன, தன்னைப் பார்க்கும்போது அவர் கண்ணில் இருந்த ஏதோ ஒன்று மட்டும் இல்லை. மருத்துவரால் இதற்கு எதைச் சொல்லி மறுக்க முடியும்? பார்வையாளரும் மாமா ஐராவை உற்றுப் பார்க்கத் தொடங்குகிறார். அந்த நடிகர் சாதாரணமாகத்தான் நடிக்கிறார். அந்தச் சாதாரணம் அதற்குப் பின் சாதாரணமாகத் தெரிவதில்லை. திரையில் எதையும் மாற்றாமல் பார்ப்பவரின் கண்ணை மாற்றிவிடுவது இயக்குநரின் பெரும் திறமை. இந்த ஒரு காட்சிக்காகவே சீகலின் பெயர் நிலைத்திருக்க வேண்டும்.

இந்தப் புகாருக்கு மருத்துவத்திலும் பெயர் உண்டு. நெருங்கிய உறவினரின் இடத்தில் அவரைப் போலவே உள்ள போலி ஆள் வந்துவிட்டார் என்ற அசைக்க முடியாத நம்பிக்கையை, ஃபிரெஞ்சு மனநல மருத்துவர் ஜோசஃப் கேப்கிரா 1923இல் தம் சக மருத்துவர் ஒருவருடன் சேர்ந்து விவரித்தார். கேப்கிரா நோய்க்குறி என்று அது அழைக்கப்படுகிறது. முகத்தை அடையாளம் காணும் திறன் குறையாமல் இருக்க, அந்த முகத்தைக் கண்டதும் இயல்பாக எழ வேண்டிய உணர்ச்சி மட்டும் எழாமல் போவதே இதற்குக் காரணம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். முகம் அறிவுக்குத் தெரிகிறது, மனம் அசைவதில்லை. அந்த இடைவெளியை நிரப்ப மூளை ஒரு போலி ஆளைக் கற்பித்துக்கொள்கிறது. வில்மாவின் சொற்கள் நோயாளிகளின் புகாரோடு வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துகின்றன. படத்தில் வரும் மனநல மருத்துவர் டான் காஃப்மனும் இதை ஊரைப் பிடித்த ஒரு கூட்டு மனக்கலக்கம் என்றே விளக்குகிறார். அவர் பேச்சில் நியாயம் இருக்கிறது, நிதானம் இருக்கிறது. பிறகுதான் அவரே நெற்றிலிருந்து வந்தவர் என்பது தெரிகிறது. அறிவார்ந்த ஆறுதல் எல்லாம் அந்த நொடியில் பகையின் குரலாகிவிடுகிறது.

நடுப்பகுதியில் இரண்டு காட்சிகள் உடலைப் பற்றியவை. மைல்ஸின் நண்பர் ஜாக் பெலிசெக் வீட்டில் பில்லியர்ட்ஸ் மேசைமேல் ஓர் உடல் கிடக்கிறது. முகம் இருக்கிறது, அதில் யாருடைய சாயலும் இல்லை. விரலில் ரேகை இல்லை. அச்சடிப்பதற்கு முந்தைய நாணயம் அது. பின்னர் செடி வளர்க்கும் கண்ணாடி அறையில் நெற்றுகள் நுரை கக்கி வெடிக்கின்றன. மைல்ஸ் கவைக்கோலை எடுத்து, தாம் நேசிக்கும் பெக்கியின் சாயல் படிந்துவரும் உருவத்தின்மேல் ஓங்குகிறார், குத்த முடியவில்லை. தம் சாயலில் வளர்ந்துகொண்டிருப்பதைக் குத்திவிடுகிறார். வசனமே இல்லாமல் அன்பு என்னவென்று சொல்லும் இடம் இது.

கவனிக்க வேண்டிய மற்றொன்று, ஜன்னல் வழியே பார்க்கும் காலைக் காட்சி. மருத்துவ அறையில் ஒளிந்திருக்கும் மைல்ஸும் பெக்கியும் கீழே சதுக்கத்தைக் கவனிக்கிறார்கள். சனிக்கிழமைக் காலை, மக்கள் வழக்கம்போல நடக்கிறார்கள். வெளியூரார் ஏறிப் போகும் பேருந்து கிளம்பியதும் ஊரே ஒரே நேரத்தில் சதுக்கத்தில் கூடுகிறது. மூன்று லாரிகள் வருகின்றன. பக்கத்து ஊர்களில் உறவினர் உள்ளவர்கள் வரிசையாக வந்து நெற்றுகளை வாங்கிக் கார்களில் ஏற்றுகிறார்கள். யாரும் கத்தவில்லை, யாரும் அடிக்கவில்லை. ஒழுங்கே இங்கு அச்சம். தலைக்குமேல் நின்று எடுத்ததால், நடந்து போகும் மனிதர்களும் ஏற்றப்படும் நெற்றுகளும் ஒரே அளவில் தெரிகின்றன.

இறுதியில் கைவிடப்பட்ட சுரங்கத்தில் ஒளிந்த இருவரில் பெக்கி ஒரு கணம் கண்ணயர்ந்துவிடுகிறாள். மைல்ஸ் அவளை முத்தமிட்டு விலகும்போது, திரை முழுவதும் அவள் முகம். கண்கள் திறந்திருக்கின்றன, உள்ளே யாரும் இல்லை. பெக்கியாக நடித்த டானா வின்டர் இந்த இடத்தில் எதையும் செய்யவில்லை, செய்வதை நிறுத்தினார், அவ்வளவே. கதை விதிப்படி அவளுக்கு அருகில் நெற்று இருந்திருக்க வேண்டும், இல்லை. தர்க்கத்தில் இது ஓட்டைதான். அந்த முகத்தின் முன் அந்த ஓட்டை நினைவுக்கு வருவதில்லை.

அதன்பின் மைல்ஸ் நெடுஞ்சாலையில் வண்டிகளுக்கு நடுவே ஓடிக் கத்துகிறார். நகரங்களின் பெயர் எழுதிய லாரி ஒன்று நெற்றுகளைச் சுமந்து கடந்து போகிறது. அவர் கேமராவை நேராகப் பார்த்து, திரையரங்கில் உட்கார்ந்திருப்பவரை எச்சரிக்கிறார். சீகல் விரும்பிய முடிவு அதுவே. நிறுவனம் அதற்கு அஞ்சியது. அதனால் படத்தின் முன்னும் பின்னும் ஒரு மருத்துவமனைக் காட்சி சேர்க்கப்பட்டது: பித்தம் பிடித்தவராகக் கொண்டுவரப்பட்ட மைல்ஸ் தம் கதையைச் சொல்கிறார், கடைசியில் ஒரு லாரி விபத்துச் செய்தியால் மருத்துவர்கள் நம்பி, அரசுக்குத் தொலைபேசியில் தகவல் சொல்கிறார்கள். கதையின் மேல் மைல்ஸின் விவரணைக் குரலும் ஒட்டப்பட்டது. சீகல் இந்தச் சட்டகத்தை ஏற்கவில்லை என்பதைப் பின்னாளில் பலமுறை சொன்னார். சட்டகம் கெடுத்தது முடிவை மட்டும் அன்று. முதல் காட்சியிலேயே ஒருவர் வெறிபிடித்துக் கத்துவதைக் காட்டிவிடுவதால், மெதுவாக ஊறி வர வேண்டிய ஐயம் முன்னதாகவே உடைந்துவிடுகிறது. திரையிடலுக்குப் பின் நடக்கும் பேச்சில் இந்தச் சேர்ப்பைப் பற்றிச் சொல்வது நல்லது. முதல் சில நிமிடங்களையும் கடைசிச் சில நிமிடங்களையும் மனத்தால் நீக்கிப் பார்த்தவருக்கு வேறொரு படம் தெரியும்.

அரசியல் பொருள் இங்கேதான் பேசப்பட வேண்டும். 1947இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று ஹாலிவுட்டில் கம்யூனிஸ்டுகளைத் தேடி விசாரணை நடத்தியது. அதைத் தொடர்ந்து எழுத்தாளர், இயக்குநர் பலர் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டு வேலை இழந்தனர். செனட்டர் ஜோசஃப் மெக்கார்த்தி 1950 முதல் நடத்திய வேட்டையை, 1954 டிசம்பரில் செனட் தானே கண்டித்தது. ஃபின்னியின் தொடர் வந்துகொண்டிருந்த மாதம் அது. இந்தப் பின்புலத்தில் படத்தை இரு வகையாகப் படித்தார்கள். தனிமனிதனை அழித்து எல்லோரையும் ஒன்றாக்கும் கம்யூனிசமே நெற்று என்றது ஒரு தரப்பு. அக்கம்பக்கத்தாரை ஒற்றர்களாக்கி, மாறாக எண்ணுபவரை வேட்டையாடிய மெக்கார்த்தியமே நெற்று என்றது மறுதரப்பு. மைல்ஸாக நடித்த கெவின் மெக்கார்த்திக்கும் அந்தச் செனட்டருக்கும் உறவு எதுவும் இல்லை. தம் கதைக்கு அரசியல் நோக்கம் எதுவும் கிடையாது என்றார் ஃபின்னி. அரசியல் சாயல் தவிர்க்க முடியாதது என்றாலும் அதை அழுத்திச் சொல்லவில்லை என்றார் சீகல். தம்மைச் சுற்றி, திரைத்தொழிலிலும்கூட, நெற்று மனிதர்களைக் கண்டதாகவும் அவர் சொன்னதுண்டு. நேர்எதிரான இரு தரப்பும் ஒரே படத்தைத் தங்கள் சாட்சியாக அழைக்க முடிகிறது என்பதே படம் எந்த ஒரு தரப்பின் துண்டறிக்கையும் அல்ல என்பதைக் காட்டுகிறது. உணர்ச்சியற்ற வாழ்வில் வலி இல்லை, போட்டி இல்லை என்று காஃப்மன் அமைதியாக எடுத்துச் சொல்லும் காட்சியில், அந்த அழைப்பில் ஒரு கவர்ச்சி இருப்பதையும் படம் மறைக்கவில்லை. 1994இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இந்தப் படம் சேர்க்கப்பட்டது.

1978 டிசம்பரில் அதே பெயரில் ஃபிலிப் காஃப்மன் இயக்கிய படம் வந்தது. திரைக்கதை டபிள்யூ. டி. ரிக்டர். மறு ஆக்கங்கள் மூலத்துக்கு நிழலாகவே நின்றுவிடும் என்ற பொதுக் கருத்துக்கு இதைப் போல வலுவான மறுப்பு அரிது. முதல் மாற்றம், ஊரை விட்டுப் பெருநகருக்குப் போனது. சாண்டா மிராவில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அதனால்தான் மாற்றம் தெரிந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவில் அடுத்த வீட்டாரின் முகமே தெரியாது. அங்கே ஒருவர் மாறிவிட்டால் கண்டுபிடிப்பது யார்? கதாநாயகன் மேத்யூ பென்னல், டொனால்ட் சதர்லாண்ட் நடிப்பில், நகரச் சுகாதாரத் துறை ஆய்வாளர். உணவகச் சமையலறையில் எலிப் புழுக்கையைக் கண்டெடுத்து வெளியே வருவதற்குள், ஆத்திரமடைந்த ஊழியர்கள் அவர் கார்க் கண்ணாடியை உடைத்திருக்கிறார்கள். அதன்பின் அவர் பார்க்கும் நகரம் அந்த விரிசல் வழியாகவே நமக்கும் தெரிகிறது.

தொடக்கத்தில் வறண்ட ஒரு கோளிலிருந்து மெல்லிய சவ்வுகள் எழுந்து விண்ணில் மிதந்து, மழையோடு நகரத்தின் இலைகளில் விழுந்து, சிறு பூவாக மலர்கின்றன. அழகான பூ. அதைப் பறித்து வீட்டுக்குக் கொண்டுபோகிறாள் மேத்யூவின் சக ஊழியர் எலிசபெத். ஒளிப்பதிவாளர் மைக்கேல் சாப்மன் 'டாக்ஸி டிரைவர்' எடுத்தவர். இரவு நகரத்தின் நிழலை அவருக்குத் தெரிந்த அளவு தெரிந்தவர் குறைவு. கேமரா சாய்கிறது, தூண்களின் பின்னால் நின்று பார்க்கிறது, தெருவில் காரணமில்லாமல் ஓடும் ஒருவரை ஓரமாகக் காட்டிவிட்டு நகர்கிறது. சட்டகத்தின் பின்பகுதியில் குப்பை லாரிகள் வந்துகொண்டே இருக்கின்றன. சாம்பல் நிறப் பஞ்சு போன்ற ஏதோ ஒன்று அவற்றில் கொட்டப்படுகிறது. அது என்னவென்று படம் பாதி கடந்தபின் புரியும். இரண்டாம் முறை பார்ப்பவர் முதல் பத்து நிமிடத்திலேயே நடுங்கிப்போவார்.

இந்தப் படத்தின் பெரிய கொடை ஒலி. 'ஸ்டார் வார்ஸ்' முடித்திருந்த பென் பர்ட் சிறப்பு ஒலிகளை அமைத்தார். நெற்று மனிதர் இன்னும் மாறாத ஒருவரைக் கண்டால் விரல் நீட்டி ஒரு கூச்சலிடுவார். பன்றியின் கீச்சலைக் கலந்து செய்த ஒலி அது. 1956இல் மாறியவர்கள் பேசாமல் துரத்தினார்கள். இங்கே அவர்களுக்கு ஒரு குரல் கிடைத்துவிட்டது. அது மனிதக் குரல் அல்ல. பின்னணி இசை தந்தவர் ஜாஸ் பியானோக் கலைஞர் டென்னி ஸைட்லின். அவர் சான் ஃபிரான்சிஸ்கோவில் பணிபுரிந்த மனநல மருத்துவரும்கூட. திரைப்படத்துக்கு அவர் அமைத்த ஒரே இசை இதுதான்.

நடிகர் தேர்விலும் ஆழ்ந்த சிந்தனை இருக்கிறது. 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் உணர்ச்சியற்ற ஸ்பாக்காக உலகம் அறிந்த லியனர்ட் நிமாய், இங்கே உணர்ச்சிகளைப் பற்றியே நூல் எழுதும் புகழ்பெற்ற மனநல ஆலோசகர் கிப்னராக வருகிறார். தோளில் கை போடுகிறார், அணைக்கிறார், சிரிக்கிறார். அவர் எந்தக் கட்டத்தில் மாறினார் என்று யாராலும் சொல்ல முடியாது; தொடக்கத்திலிருந்தே மாறியவராக இருக்கவும் இடமிருக்கிறது. முந்தைய படத்தின் மருத்துவர் டான் காஃப்மன் எழுப்பிய ஐயத்தை இந்தப் பாத்திரம் இன்னும் கூர்மையாக்குகிறது. 1956இல் நெடுஞ்சாலையில் கத்திக்கொண்டு ஓடிய கெவின் மெக்கார்த்தி, அதே எச்சரிக்கையோடு சான் ஃபிரான்சிஸ்கோ தெருவில் மேத்யூவின் காரின்மேல் வந்து விழுகிறார். சீகல் ஒரு டாக்ஸி ஓட்டுநராக வந்து போகிறார். இவை ரசிகருக்கான குறும்பு மட்டுமல்ல. எச்சரிக்கை 22 ஆண்டுகளாகக் கேட்கப்படவில்லை என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

முடிவைப் பற்றி அறிமுக உரையில் ஒரு சொல்லும் வரக்கூடாது. இந்த மடலைப் படிப்போரில் படத்தைப் பார்க்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடலாம்.

மேத்யூவின் தோழி நான்சி மட்டும் மாறாமல், உணர்ச்சியே காட்டாமல் நடந்து, மாறியவர்களுக்கு நடுவே பிழைத்திருக்கிறாள். நகர மன்றத்துக்கு எதிரே மொட்டை மரங்களின் நடுவே மேத்யூவைக் கண்டு, நம்பி, மெதுவாகக் கூப்பிடுகிறாள். அவர் திரும்பி, விரல் நீட்டி, வாய் திறக்கிறார். அந்தக் கூச்சல். கேமரா அவருடைய திறந்த வாயின் இருளுக்குள் போகிறது. சதர்லாண்டின் முகம் அதற்கு முன் சில நிமிடம் முழுவதும் நம் கண்முன் இருந்தது. அலுவலகம் போனார், செய்தித்தாளில் கத்தரித்தார், ஜன்னலில் நின்றார். அவரும் நான்சியைப் போல நடிக்கிறார் என்று பார்வையாளரே நம்பிக்கொண்டார். படம் ஒரு பொய்யும் சொல்லவில்லை. வில்மாவின் மாமாவை உற்றுப் பார்த்த கண், இங்கே தானாகவே ஏமாந்தது.

1993இல் ஏபல் ஃபெராரா இயக்கிய 'பாடி ஸ்னாட்சர்ஸ்' அவ்வாண்டு கான் விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்றது. அமெரிக்காவின் தென்பகுதியில் ஓர் இராணுவ முகாமில் கதை நடக்கிறது. எல்லோரும் ஒரே சீருடை, ஒரே நடை. யார் மாறியவர் என்பதை இங்கே கண்டறிவது இரட்டிப்புக் கடினம். ஒரு பதின்வயதுப் பெண்ணின் கண்ணில் கதை செல்கிறது; மாற்றாந்தாய் வந்துவிட்ட வீடு ஏற்கெனவே ஒருவர் இடத்தில் மற்றொருவர் வந்த வீடு. சிறுவர் பள்ளியில் குழந்தைகள் வரைந்த படங்களை உயர்த்திப் பிடிக்கிறார்கள். ஒரு சிறுவனுடையதைத் தவிர எல்லாம் ஒரே படம். மாற்றாந்தாயாக நடித்த மெக் டில்லி, தப்பி ஓட இனி இடமே இல்லை என்று தாழ்ந்த குரலில் சொல்லும் காட்சி, இந்த வரிசையில் மிகச் சிறந்த நடிப்புகளில் ஒன்று. முன்னிரண்டு படங்களின் அளவுக்கு நிறைவு இதில் இல்லை என்றாலும் இது தனக்குக் கிடைத்திருப்பதைவிடக் கூடுதல் கவனத்துக்கு உரியது.

2007இல் நிக்கோல் கிட்மன், டேனியல் கிரெய்க் நடித்த 'தி இன்வேஷன்' நெற்றையே கைவிட்டது. விண்கல ஓடத்தின் விபத்தோடு வரும் நுண்ணுயிர் நோய்போலத் தொற்றுகிறது. உறங்கும்போது உடல் மாறுகிறது. இயக்குநர் ஆலிவர் ஹிர்ஷ்பீகல் முடித்துத் தந்த படத்தில் நிறுவனம் வேறு ஆட்களைக் கொண்டு மறுபடி காட்சிகளை எடுத்துச் சேர்த்தது. துரத்தலும் மோதலும் கூடின, முகம் காணாமல் போயிற்று. மாறியவர்கள் ஆளும்போது தொலைக்காட்சியில் நாடுகள் சமாதானம் செய்துகொள்கின்றன, நோய் குணமானதும் போர்ச் செய்திகள் திரும்புகின்றன என்ற எண்ணம் மட்டும் நினைவில் நிற்கத் தக்கது. 1956ஐப் போலவே இங்கும் நிறுவனத்தின் கை முடிவில் புகுந்தது. அன்று கெட்டது ஓரம், இன்று கெட்டது நடு.

இந்த வரிசையோடு ஜான் கார்பென்டரின் 'தி திங்' (1982) அடிக்கடி சேர்த்துப் பேசப்படுகிறது. அன்டார்ட்டிகா ஆய்வுக்கூடத்தில் மனிதரைப் போலவே உருவெடுக்கும் உயிர் அதில் வருகிறது. மூலக்கதை 1938இல் ஜான் கேம்பல் எழுதியது. அது பெரிய படம், அதில் ஐயமில்லை. அதன் அச்சம் தசையில் இருக்கிறது: கிழிகிறது, முளைக்கிறது, உருகுகிறது. அங்கே ரத்தத்தைச் சோதித்து உண்மையை அறியலாம். சாண்டா மிராவில் சோதனை கிடையாது. இரண்டையும் ஒரே விழாவில் திரையிட்டால் அந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும்படி வெவ்வேறு நாளில் வைப்பது நல்லது.

திரையிடும் பிரதியைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. 1956 படம் சூப்பர்ஸ்கோப் முறையில் 2:1 விகிதத்தில் வெளியானது. ஓரம் வெட்டிய தொலைக்காட்சிப் பிரதிகளில் மாமா ஐரா புல்வெளியில் இருக்கும் தூரம்கூடச் சுருங்கிவிடுகிறது. பிற்காலத்தில் வண்ணமேற்றிய வீடியோப் பிரதி ஒன்றும் வந்தது. நிழலால் கட்டிய படத்துக்கு அது உதவாது. 1978 படத்துக்கு நல்ல ஒலிபெருக்கிகள் தேவை. மடிக்கணினி ஒலியில் அதைத் திரையிடுவதைவிடத் தள்ளிவைப்பதே மேல். இரு படங்களையும் அடுத்தடுத்த நாளில், 1956 முதலாக, வைத்தால் மெக்கார்த்தி மறுபடி ஓடி வரும் காட்சிக்கு அதன் முழு வலு கிடைக்கும். அறிமுகத்துக்கு ஆண்டு, இயக்குநர் பெயர், ஓடும் நேரம் போதும். பனிப்போரும் கேப்கிராவும் நிறுவனம் ஒட்டிய சட்டகமும் விளக்கு எரிந்தபின் பேசப்படட்டும்.